விரிசல் பாறையில் நிலத்தடி நீர் மாடல்: நீர்மட்டம் பொருந்தினால் போதுமா?

கேள்வி இதுதான். விரிசல்கள் நிறைந்த மணற்கல் பகுதி ஒன்றுக்கு நிலத்தடி நீரோட்டத்தின் கணினி மாடல் தயாராகிவிட்டது. பாறை முழுவதையும் ஒரே தன்மை கொண்ட நுண்துளை ஊடகமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் கண்காணிப்புக் கிணறுகளில் அளந்த நீர்மட்டங்கள் மாடலோடு நன்றாகவே பொருந்துகின்றன. இனி விரிசல்களைத் தனித்தனியாகக் காட்டும் சிக்கலான மாடல் தேவையா? இந்த மாடலை வைத்தே, மேட்டில் சிந்திய மாசு குடிநீர்க் கிணற்றை எப்போது எட்டும் என்று சொல்லிவிடலாமா?

பகுதியின் மொத்த நீர்வரவு செலவு, புதிய கிணறு போட்டால் சுற்றுவட்டாரத்தில் மட்டம் எவ்வளவு இறங்கும் போன்றவற்றுக்கு இப்போதுள்ள மாடல் பெரும்பாலும் போதும். மாசு எத்தனை நாளில் வரும் என்ற கேள்விக்கு அந்த மாடல் சொல்லும் எண்ணை நம்பக் கூடாது. நீர்மட்டம் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் இந்தப் பதில் மாறாது. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விரிசல் பாறை மாடல்களில் நடக்கும் மிக ஆபத்தான தவறு இந்த ஒரு இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

1856-இல் பிரான்சின் டிஜோன் நகரத்து நீர் வழங்கல் பற்றி எழுதிய நூலில் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாய் வழியே நீரைச் செலுத்திச் செய்த சோதனைகளையும் சேர்த்து வெளியிட்டார். அங்கிருந்து கிடைத்த விதியே இன்றும் நிலத்தடி நீர் மாடல்களுக்கு அடித்தளம். ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டின் வழியே நொடிக்கு எவ்வளவு நீர் போகிறது என்பது, பாறையின் நீர்க்கடத்துதிறனை நீர்மட்டச் சரிவால் பெருக்கினால் கிடைக்கும். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் மோட்ஃப்ளோ போன்ற மென்பொருள்கள் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வருகிற நீரும் போகிற நீரும் சமமாகும்படி நீர்மட்டத்தைக் கணக்கிடுகின்றன. காலத்தோடு மாறாத ஓட்டத்துக்கு எழுதப்படும் அந்தச் சமன்பாட்டில் நுண்துளைமை, அதாவது பாறையின் கன அளவில் நீர் நகரக்கூடிய வெற்றிடம் எத்தனை பங்கு என்ற எண், எங்குமே வருவதில்லை. சமன்பாட்டில் இல்லாத ஒன்றை அந்தச் சமன்பாட்டின் விடையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது.

ஆனால் நீர்த்துளி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது அந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. நீர்க்கடத்துதிறன் நொடிக்கு 0.00001 மீட்டர், சரிவு 1,000 மீட்டருக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 கன மீட்டர் நீர் போகும். இந்த நீர் மணற்கல்லின் துளைகள் முழுவதிலும் பரவி நகர்கிறது, நுண்துளைமை 10 சதவீதம் என்றால், நீர் ஆண்டுக்கு 16 மீட்டர் நகரும். அதே அளவு நீர் விரிசல்களில் மட்டும் ஓடுகிறது, விரிசல்களின் மொத்த வெற்றிடம் பாறையில் 0.1 சதவீதம்தான் என்றால், அது ஆண்டுக்கு 1.6 கிலோமீட்டர் ஓடும். இரண்டு நிலையிலும் கிணறுகளில் நீர்மட்டம் ஒன்றே, ஓட்ட அளவும் ஒன்றே. வேகத்தில் மட்டும் நூறு மடங்கு வித்தியாசம். அளவுத்திருத்தத்தில், அதாவது அளந்த மட்டங்களோடு பொருந்தும்படி மாடலின் எண்களைச் சரிசெய்யும் வேலையில், எந்தக் கிணறும் இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்காது.

காலத்தோடு மாறும் ஓட்டத்தைக் கணக்கிடும்போது நீரைத் தேக்கிவைக்கும் திறன் என்ற எண் சேர்கிறதே என்று கேட்கலாம். அது அழுத்தம் குறையும்போது பாறை எவ்வளவு நீரை விடுவிக்கிறது என்பதைச் சொல்வது. நீர் பயணம் செய்யும் பாதை எவ்வளவு குறுகியது என்பதைச் சொல்வதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மழையிலிருந்து நிலத்துக்குள் இறங்கும் நீரையும், நீர்க்கடத்துதிறனையும் மாடலில் ஒன்றாக இரு மடங்காக்கினால், மட்டங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆக, வெறும் நீர்மட்டத்தை வைத்து அளவுத்திருத்தம் செய்த மாடலில் ஓட்ட அளவுகூட உறுதியானதல்ல. ஊற்று வெளியேற்றம், கோடைக்கால ஓடை நீர் போன்ற ஓட்ட அளவீடு ஒன்றாவது சேர்ந்தால்தான் அந்தப் பாதி சரியாகும்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் குடிநீரில் இ-கோலை நுண்ணுயிர் கலந்து 7 பேர் இறந்தார்கள். 2,000-க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். கனமழைக்குப் பின் பண்ணை எருவிலிருந்து ஆழம் குறைந்த கிணறு ஒன்றுக்குக் கிருமி வந்திருந்தது. குளோரின் கலப்பிலும் கண்காணிப்பிலும் நடந்த தவறுகள்தான் அதைப் பேரழிவாக்கின. அதன் பிறகு, ஊர்க் கிணறுகளுக்கு நீர் எந்தப் பரப்பிலிருந்து எத்தனை நாளில் வருகிறது என்று கணிக்க ஒரு மாடல் கட்டப்பட்டது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறையை அது சீரான நுண்துளை ஊடகமாகவே கருதியது. பின்னர் நிலத்தடியில் நிறமி விட்டுச் சோதித்தபோது, நீர் அந்த மாடல் சொன்னதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாகக் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது. ஏழு பேர் இறந்த ஊரில், பாதுகாப்பு எல்லையை வரையறுக்க வந்த மாடலே எல்லையை இவ்வளவு தவறாகப் போட்டது. இந்தத் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விரிசலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு விரிசலை வழவழப்பான இரு இணைத் தகடுகளுக்கு இடையிலுள்ள வெளியாக எடுத்துக்கொண்டால், அதன் வழியே ஓடும் நீர் இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இடைவெளி இரண்டு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்கு. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஒரே விரிசல், 0.1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஆயிரம் விரிசல்களுக்கு ஈடான நீரைக் கொண்டுபோகும். ஆனால் அந்த ஆயிரமும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் வெற்றிடம். இதுவோ ஒரு மில்லிமீட்டர். ஆகவே ஒரு கிணற்றின் நீர்க்கடத்துதிறன் தெரிந்ததும், அது எத்தனை விரிசல்களின் கூட்டு என்று தெரியாதவரை வேகத்தைச் சொல்ல முடியாது. 0.1 மில்லிமீட்டர் விரிசலில்கூட, 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு இருந்தால், நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மீட்டர் போகும். கண்ணுக்கு ஒரு மயிர்க்கோடாகத் தெரியும் பிளவு அது.

உண்மையான விரிசல் இணைத் தகடு அல்ல. சுவர்கள் கரடுமுரடானவை, பல இடங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், சில இடங்களில் கனிமம் படிந்து அடைந்திருக்கும். நீர் அதில் சில தடங்களைத் தேர்ந்து அவற்றின் வழியே மட்டும் ஓடும். சுவீடனின் ஸ்ட்ரிபா சுரங்கத்தில், அணுக்கழிவைப் புதைப்பதற்கான ஆய்வின் பகுதியாக, பாறைக்குள் குடைந்த சுரங்கவழியின் கூரையிலும் சுவரிலும் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் விரிப்புகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் சொட்டுகிறது என்று அளந்தார்கள். பெரும்பாலான விரிப்புகளில் நீரே இல்லை. மொத்த வரவில் பாதிக்கு மேல் மிகச் சிறிய பரப்பிலிருந்து வந்தது. கருங்கல் பாறையில் போட்ட இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் பத்து மீட்டர் இடைவெளியில் இருந்தும் ஒன்றில் நீரும் மற்றதில் வறட்சியும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் விரிசலை மட்டும் வைத்து மாடல் கட்டினால் போதுமா? கருங்கல் போன்ற இறுகிய பாறையில் நீரின் ஓட்டத்துக்கு மட்டும் என்றால் ஓரளவு போதும். மணற்கல், சாக் எனப்படும் மென்மையான வெண்சுண்ணாம்புக்கல் போன்றவற்றில் போதாது. சாக் பாறையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் துளைகளாக இருப்பது சாதாரணம். ஆனால் துளைகளை இணைக்கும் கழுத்துகள் மைக்ரான் அளவில், பலவும் அதைவிடக் குறுகலாக இருப்பதால் அவற்றின் வழியே நீர் நகர்வது அரிது. நீரைச் சேர்த்துவைப்பது விரிசல்களுக்கு இடையிலுள்ள பாறைக்கட்டி, கொண்டுபோவது விரிசல். இந்த இரட்டைத் தன்மையை 1960-இல் சோவியத் ஆய்வாளர்களான பாரன்பிளாட், ஷெல்டோவ், கோச்சினா மூவரும் சமன்பாடாக்கினார்கள். 1963-இல் வாரன், ரூட் இருவரும் அதை எண்ணெய்க் கிணற்றுச் சோதனைகளுக்கு ஏற்றபடி எளிதாக்கினார்கள். கருத்து இது: ஒரே இடத்தில் இரண்டு ஊடகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதாகக் கொள்வோம்; ஒவ்வொன்றுக்கும் தனி நீர்மட்டம்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப ஒன்றிலிருந்து மற்றதற்கு நீர் கசியும். கட்டிகள் சிறியவையாக இருந்தால் அந்தக் கசிவு வேகமாகும். கட்டியின் அகலம் பாதியானால் கசிவுவேகம் நான்கு மடங்கு.

இறைப்புச் சோதனையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மட்டம் இறங்குவதை நேரத்தின் மடக்கை அளவுகோலில் வரைந்தால், முதலில் விரிசலில் இருந்த நீர் மட்டும் வற்றுவதால் கோடு செங்குத்தாகச் சரியும். பிறகு பாறைக்கட்டிகள் நீர் விடத் தொடங்கியதும் கோடு படுக்கையாகிவிடும். கட்டியும் விரிசலும் சமநிலைக்கு வந்தபின் மீண்டும் முதற் சரிவுக்கு இணையாக இறங்கும். இந்த நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு ‘மட்டம் நிலைத்துவிட்டது’ என்று சோதனையை நிறுத்திவிட்டால், கிணற்றின் விளைச்சல் உண்மையைவிட அதிகமாக மதிப்பிடப்படும். இறைப்பை எவ்வளவு நேரம் நடத்தினார்கள் என்று பழைய அறிக்கைகளில் கட்டாயம் பாருங்கள்.

மாசைப் பொறுத்தவரை பாறைக்கட்டியின் பங்கு இன்னும் பெரிது. நீர் கட்டிக்குள் போகாவிட்டாலும், அதில் கரைந்த பொருள் செறிவு அதிகமான விரிசலிலிருந்து செறிவு குறைந்த துளைநீருக்குள் விரவிச் செல்லும். அதற்கான காலம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப நீள்கிறது.   இறுகிய பாறையில் விரவல் கெழுவை, அதாவது பொருள் விரவும் வேகத்தைக் குறிக்கும் எண்ணை, நொடிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சதுர சென்டிமீட்டர் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக 10 லட்சம் நொடி, அதாவது பன்னிரண்டு நாள் ஆகும். பத்து சென்டிமீட்டருக்கு மூன்று ஆண்டு. ஒரு மீட்டருக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல். அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் கலந்த டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன், இங்கிலாந்தின் சாக் நிலத்தடி நீரில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது ஒரு புதிராக நின்றது. விரிசலில் இறங்கிய டிரிடியம் பாறைக்கட்டியின் துளைநீருக்குள் விரவிப் போய்விட்டது என்று 1975-இல் ஃபாஸ்டர் விளக்கம் தந்தார். அதே வழியாக உள்ளே போன மாசு, விரிசல் நீர் சுத்தமானதும் மெதுவாகத் திரும்பி வெளியே வரும். மாசு நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் திட்டங்களில், பம்பை நிறுத்திய பின் செறிவு மறுபடி ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது ஒரு முரண் தெரியும். விரிசல் நீரின் வேகத்தைப் பார்த்தால் மாசு உடனே வரும். விரவலைப் பார்த்தால் மிகத் தாமதமாக வரும். இரண்டும் உண்மை, பொருளைப் பொறுத்து. கரைந்த உப்பும் நைட்ரேட்டும் கட்டிக்குள் போய்த் தாமதிக்கும். நுண்ணுயிரோ ஒரு மைக்ரான் அளவுள்ளது; குறுகலான துளைக் கழுத்துகளுக்குள் நுழைய முடியாமல் விரிசலிலேயே ஓடி முதலில் வந்து சேரும். எனவே ஒரே நுண்துளைமை எண்ணைப் போட்டு எல்லா மாசுக்கும் பயணக் காலம் கணக்கிடுவது அடிப்படையிலேயே தவறு. நுண்ணுயிர்க்கான எல்லைக்கு விரிசலின் வெற்றிடத்தை மட்டும் எடுக்க வேண்டும். நைட்ரேட் எத்தனை பத்தாண்டு நீடிக்கும் என்பதற்கு இரட்டை ஊடகக் கணக்கு வேண்டும்.

அடுத்து, விரிசல்களை ஒவ்வொன்றாகக் கணினியில் உருவாக்கும் வலைப்பின்னல் மாடல். கிணற்றுச் சுவரின் படங்களிலிருந்தும் பாறை வெட்டுமுகங்களிலிருந்தும் விரிசல்களின் திசை, நீளம், அடர்த்தி, இடைவெளி ஆகியவற்றின் புள்ளியியல் பரவலைப் பெற்று, அதே பரவலுடைய ஆயிரக்கணக்கான தகடுகளைச் சீரற்ற முறையில் வெளியில் தூவி, அவை வெட்டிக்கொள்ளும் கோடுகள் வழியே ஓட்டத்தைக் கணக்கிடுவது இதன் வழி. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தின் டிஎஃப்என்வொர்க்ஸ் மென்பொருள் இவ்வகை. இதில் கிடைக்கும் மிகப் பெரிய பாடம் இணைப்பு பற்றியது. வரைந்த விரிசல்களில் பல எங்கேயும் இணையாமல் முட்டுச்சந்தாக நிற்கும். எஞ்சியவற்றிலும் ஒரு சிறு பகுதிதான் பெரும்பாலான நீரைச் சுமக்கும்.

ஆனால் இந்த மாடலின் உள்ளீடு எவ்வளவு நொய்மையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். செங்குத்தான கிணறு செங்குத்தான விரிசல்களை அநேகமாகச் சந்திக்கவே சந்திக்காது. இதற்கான திருத்தத்தை ரூத் டெர்சாகி 1965-இலேயே எழுதிவைத்தார். கிணற்றுக்கும் விரிசலுக்கும் உள்ள கோணம் மிகச் சிறியதாகும்போது அந்தத் திருத்தமும் கைவிட்டுவிடும். சாய்வாக ஒரு கிணறாவது தோண்டாத இடத்தில் விரிசல் வலைப்பின்னல் மாடல் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். மேலும் அது தருவது ஒரு விடை அல்ல; அதே புள்ளியியலில் உருவாக்கிய நூற்றுக்கணக்கான வலைகளின் விடைகள். அவற்றில் ஒன்றை மட்டும் வண்ணப் படமாக்கி அறிக்கையின் அட்டையில் போட்டால், படிப்பவர் அதைப் பாறையின் புகைப்படமாக நம்பிவிடுவார்.

விரிசல் வலையைச் சீரான ஊடகமாக மாற்றிக்கொள்ளலாமா என்பதற்கும் சோதனை உண்டு. 1982-இல் ஜேன் லாங்கும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வலைத்துண்டின் மேல் நீர்மட்டச் சரிவைப் பல திசைகளில் சுழற்றி, ஒவ்வொரு திசைக்கும் நீர்க்கடத்துதிறனைக் கணக்கிட்டார்கள். அதைத் திசைவாரியாக உரிய முறையில் வரைந்தால் நீள்வட்டம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைத்தால் அந்த அளவில் சீரான ஊடகம் செல்லும். கரடுமுரடான வடிவம் வந்தால் செல்லாது. விரிசல்கள் அடர்த்தியாகவும், பல திசைகளிலும், இடைவெளி ஓரளவு ஒத்தும் இருந்தால் பாறை நுண்துளை ஊடகம்போல் நடந்துகொள்ளும் என்பது இதிலிருந்து தெரிந்தது. அப்போதும் அந்தச் சமானம் ஓட்ட அளவுக்குத்தான். மாசின் பயணத்துக்கும் அது பொருந்தும் என்று தானாக ஆகிவிடாது.

உங்கள் இடத்துக்கு நான் செய்வது இதுதான்: பெரிய பிளவுத்தளங்களையும் பாறை அடுக்குகளுக்கு இடையில் நீர் தரும் விரிசல்களையும் மட்டும் தனியாக வரைந்து, மற்ற பாறையை இரட்டை ஊடகமாக வைப்பேன். எவை நீர் தருபவை என்று அறிய, கிணற்றில் மெதுவாக இறைத்தபடி ஆழத்துக்கு ஆழம் ஓட்டமானி இறக்கிப் பார்க்க வேண்டும். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள்: உறையில்லாத நீண்ட ஆழ்துளைக் கிணறு, அழுத்தம் வேறுபட்ட விரிசல்களைத் தானே இணைத்துவிடுகிறது. அதில் அளக்கும் மட்டம் எந்த விரிசலின் மட்டமும் அல்ல, எல்லாவற்றின் கலவை. உங்கள் மாடலோடு பொருந்தியதாகச் சொல்லும் நீர்மட்டங்கள் இப்படிப்பட்ட கிணறுகளிலிருந்து வந்தவையா என்று முதலில் விசாரியுங்கள். அடைப்பான்கள் வைத்துப் பகுதி பகுதியாக அளந்தால், ஒரே கிணற்றுக்குள் பல மீட்டர் மட்ட வித்தியாசம் தெரியவரலாம்.

பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால், புதிய மென்பொருளை விட்டுவிட்டு நிறமிச் சோதனை செய்யுங்கள். மாடல் சொல்லும் தேதியை நம்பிக் காத்திருக்காமல் முதல் மணி நேரத்திலிருந்தே நெருக்கமாக மாதிரி எடுக்க வேண்டும். முதல் வரவைத் தவறவிட்டால் அந்தச் சோதனையின் முக்கால் பயன் போய்விடும். உச்சம் கடந்த பிறகும் நிறுத்தாமல் வெகுநாள் தொடர வேண்டும், ஏனென்றால் உச்சத்துக்குப் பின் செறிவு மெல்ல மெல்லக் குறையும் நீண்ட வாலில்தான் பாறைக்கட்டியின் பங்கு தெரியும். விரவும் வேகம் வேறுபட்ட இரண்டு மூன்று பொருள்களை ஒன்றாக விடுவது நல்லது. வால்கள் பிரிந்தால் விரவல் நடக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மிரர் லேக் ஆய்வுத்தளத்துக் கருங்கல் பாறையில் பெக்கர், ஷாப்பிரோ இருவரும் இப்படிச் செய்து 2000-இல் வெளியிட்டபோது, நீண்ட வால் இருந்தும் அவை பிரியவில்லை; வெவ்வேறு வேகமுள்ள தடங்கள் பல இருந்ததுதான் அங்கே காரணம். வால்கள் பிரிந்தால் மாடலில் இரட்டை ஊடகத்தைச் சேருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால், வேகம் வேறுபட்ட பல தடங்களாக விரிசலைப் பிரித்துக் கணக்கிடுங்கள்.